மேஸ்திரிக்கு உலகம் தட்டை

"உலகம் உருண்டைன்னு எவன் சார் போய்ப் பார்த்துட்டு வந்தான்?"

தண்ணீர் வாளியோடு குளியலறை வாசல் வரை வந்துவிட்ட வாத்தியார் அப்படியே நின்றார். இருபத்தாறு வருஷமாகப் புவியியல் நடத்துகிறவர். அவர் சொந்த வீட்டுக்குள்ளேயே, டைல்ஸ் ஒட்ட வந்த மேஸ்திரி வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு!

அவர் வந்தது வேறு காரியத்துக்கு. நேற்று ஒட்டிய தரையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பார்ப்பார். அது மொத்தமும் வடிகால் ஓட்டையைப் பார்த்து ஓட வேண்டும். எந்த மூலையிலாவது தேங்கினால் மேஸ்திரியும் அவர் மனைவியும் மூட்டை கட்ட வேண்டியதுதான். மாடி வேலை வேறு ஆளுக்கு. முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார்.

"என்ன சொன்னீங்க மேஸ்திரி?"

"தட்டைன்னு சொன்னேன். போன்ல ஒருத்தர் புட்டுப் புட்டு வைக்கிறாரு. கோட்டெல்லாம் போட்டிருக்காரு."

"கோட்டை எவன் வேணாலும் போடலாம்யா!"

"நாப்பது லட்சம் பேர் பார்த்திருக்காங்க சார். உங்க வகுப்புல எத்தனை பேர்?"

"நாற்பது."

"அதுல முழிச்சிருக்கறது?"

வாத்தியார் வாளியை டங்கென்று கீழே வைத்தார். மேஸ்திரியின் கையைப் பிடித்து முன்னறைக்கு இழுத்துப் போனார்.

ரப்பர் பந்து வந்தது. டார்ச் வந்தது. பகல் வந்தது, இரவு வந்தது, கிரகணமும் வந்து போனது. மேஸ்திரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "இது பந்து சார். நான் உலகத்தைப் பத்திக் கேட்டேன்" என்றார்.

"தூரப் போற கப்பலுக்கு அடிப்பக்கம்தானே முதல்ல மறையுது? ஏன்?"

"கண்ணாடியை மாத்திப் பாருங்க."

"யோவ்!"

"சரி, உருண்டைன்னே வெச்சுக்குவோம். அடியில இருக்கறவன் தொபுக்கடீர்னு விழ மாட்டானா?"

புவியீர்ப்பு விசைக்காக வாத்தியார் பந்தை ஏழு தடவை கீழே போட்டார். ஏழு தடவையும் மேஸ்திரி பொறுப்பாக எடுத்துக் கொடுத்தார்.

உள்ளேயிருந்து டொக், டொக் என்று சத்தம்.

"அங்கே என்னம்மா இடி இடிக்கறே? மெதுவாத் தட்டு! இங்கே முக்கியமா பேசிக்கிட்டிருக்கோம்ல?"

"இடுக்கு அடைக்கறேன் சார். நீங்க நடத்துங்க!" என்றாள் மேஸ்திரியின் மனைவி.

இரண்டு மணி நேரம் போயிற்று. வாத்தியாருக்குக் குரல் கம்மி, சட்டை நனைந்து, கண் சிவந்திருந்தது. கையைத் துடைத்தபடி அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, பாவம், சாருக்குத் தொண்டை கட்டிப்போச்சு. ஒத்துக்கிட்டாத்தான் என்ன?"

மேஸ்திரி பந்தை ஒருமுறை உருட்டிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"சரி சார். உருண்டைதான்."

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு பயலும் இப்படி ஒத்துக்கொண்டதில்லை. 'பொய்ச் செய்தியில் மூழ்கிக்கொண்டிருந்த ஒருவரை இன்று கரை சேர்த்தேன்' என்று ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் உடனே போட்டார். பதினொரு பேர் கை தட்டினார்கள்.

அந்த உற்சாகத்தில் வாளியைத் தூக்கினார்.

"உள்ளே கால் வைக்காதீங்க சார், வாசல்லேருந்தே ஊத்துங்க" என்றாள் அவள்.

ஊற்றினார். தண்ணீர் ஒரு பொட்டு நிற்காமல் ஓட்டைக்குள் ஓடி மறைந்தது.

"மாடி வேலையும் உங்களுக்குத்தான் மேஸ்திரி! இருங்க, உங்களுக்கு ஒரு பரிசு தரணும்."

அலமாரியைக் குடைந்து, பழைய அட்லஸ் ஒன்றைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு திரும்பியவர், உள்ளே பேச்சுக் கேட்டுக் கதவுக்கு வெளியிலேயே நின்றார்.

"அந்த மூலையில எட்டுக் கல்லையும் பேர்த்து, தண்ணி ஓட வாட்டம் பார்த்து, திரும்ப ஒட்டறதுக்குள்ள என் இடுப்பே விட்டுப்போச்சு. நான் முடிக்கறதுக்குள்ள நீங்க ஒத்துக்கிட்டுடுவீங்களோன்னு வேற பயம்."

"நான் எவ்வளவு நேரம்தான் தட்டைன்னே சாதிக்கறது? அடுத்த மாசம் டாக்டர் வீட்டு வேலை வருதுல்ல, அங்கே கோணல்மாணலா ஏதாவது விழுந்தா முன்கூட்டியே சொல்லு. கிருமின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு காலையிலேயே ஆரம்பிச்சுடறேன்."