கதவு சொல்லுது

குலசேகரனின் ரத்த அழுத்தத்தைக் கூட்டும் எதையும் வீட்டுக் கதவு உள்ளே விடாது. அவர் மணிக்கட்டிலுள்ள பட்டை சொல்லும், கதவு கேட்கும். முதலில் நெத்திலிக் கருவாடு வாசலோடு நின்றது. அப்புறம் ஊறுகாய். பொங்கல் சீரோடு வந்த மச்சினன் பூபாலன்கூடக் கரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே திரும்பிப் போனான். மனைவி மரகதம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“நான் என்ன பண்றது? கதவு சொல்லுது” என்றார் குலசேகரன். உள்ளுக்குள் ஏகக் குஷி.

அடுத்த மாதப் பரிசோதனையில் மரகதத்துக்கும் அழுத்தம் எகிறியிருந்தது. அவள் கையிலும் ஒரு பட்டையை மாட்டிவிட்டார்கள்.

அன்று மாலை நடைப்பயிற்சி முடித்து வந்த குலசேகரனுக்குக் கதவு திறக்கவில்லை.

“மன்னிக்கணும் சார். உங்க செருப்புச் சத்தம் கேட்டாலே அம்மாவுக்கு பிரஷர் ஏறுது.”

“இது என் வீடு! திற!”

“கத்தாதீங்க சார், இன்னும் ஏறுது.”

உள்ளே யாரோ கரும்பைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

“அக்கா, மாமா வந்துட்டாரு போல” என்றது பூபாலனின் குரல்.

மரகதம் எழுந்திருக்கக்கூட இல்லை.

“நான் என்னங்க பண்றது?” என்றாள். “கதவு சொல்லுது.”