கண்ணாடியில் தெரியும் விரல்

முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் காது சோதனை அறையில், தலையில் ஹெட்போனோடு விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார் பீரங்கிக்காரர். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கேட்கவில்லை என்று தெரிந்தால்தான் இலவசமாகக் காது மிஷின். காலையிலேயே மனைவி தொண்டை வறளக் கத்திச் சொல்லிவிட்டாள். அது அவர் காதில் ஏறியதா என்பது கடவுளுக்கே வெளிச்சம். படையில் எந்தச் சோதனையிலும் தோற்று அவருக்குப் பழக்கமில்லை. பின்னால் பொத்தானை அழுத்தும் டெக்னீஷியனின் விரல் எதிரே மருந்து அலமாரிக் கண்ணாடியில் பளிச்சென்று தெரிகிறது. விரல் தாழும்போதெல்லாம் பீரங்கிக்காரரின் கை டக்கென்று உயர்கிறது. மூலை ஸ்டூலில் இருக்கும் மனைவி அதைக் கவனித்துவிடுகிறாள். "தம்பி, அவரு கண்ணாடியப் பாத்து..." "அம்மா, நடுவுல பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல." விரல் தாழ்கிறது, கை உயர்கிறது. கடைசியில் டெக்னீஷியன் ஹெட்போனைக் கழற்றுகிறான். "பாம்புக் காதும்மா இவருக்கு. ஓசியில மிஷின் குடுத்தா, வாய் கூசாம பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்துடறீங்க" என்று கதவைக் காட்டுகிறான். பீரங்கிக்காரர் பல்லெல்லாம் தெரிய மனைவி பக்கம் திரும்பி, சுவர் அதிரக் கேட்கிறார்: "பாஸ்தானே?" "நாசமாப் போங்க" என்கிறாள் அவள். அவர் பெருமையாகத் தலையாட்டிவிட்டு, எழுந்து நின்று டெக்னீஷியனுக்கு ஒரு சல்யூட் வைக்கிறார்.