டீசல் டேங்கில் தண்ணீர்

"ஏலே, கையில என்ன அது?"

நிர்மலாதேவியின் குரல் கேட்டு, டிராக்டருக்கு அடியில் குனிந்திருந்த டிரைவர் இசக்கிமணி திரும்பினான். டீசல் டேங்கின் அடித் திருகைத் தளர்த்தி, அதற்குக் கீழே ஒரு பாட்டிலைப் பிடித்திருந்தான். பாட்டில் பாதி நிறைந்திருந்தது. டீசல் வாடை அடித்தது.

"தண்ணி வடிக்கேன், மதினி."

"டீசல் டேங்குக்குள்ள ஏதுலே தண்ணி?"

இசக்கிமணி அவளைத் தாண்டிப் பார்த்தான். குழாயடியில் அவள் கணவர் முத்துராமலிங்கம் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சாரல்ல மூடி வழியா இறங்கியிருக்கும்" என்றான் தரையைப் பார்த்து.

"தினமும் சாயங்காலம் நானே கம்பு விட்டு அளந்து மூடுதேன். அது வழியா இறங்குதாம்லா. ஒரு வாரமா பாக்கேன், விடிஞ்சதும் பாட்டிலும் கையுமா நிக்கே."

சத்தம் கேட்டு எதிர்வீட்டு மஞ்சு வாசலுக்கு வந்தாள். பால்காரர் வண்டியை நிறுத்தினார்.

"விடு தேவி. காலங்காத்தால எதுக்குச் சத்தம்?" என்றார் முத்துராமலிங்கம்.

"நீங்க சும்மா இருங்க. இப்படி இளகின மனசா இருக்கப்போயிதான் எல்லாவனும் ஏய்க்கான்." மஞ்சுவின் பக்கம் திரும்பினாள். "இவுக கோவில்ல கயிறு கட்டி, குடிய விட்டு எட்டு மாசம் ஆச்சு. இப்பதான் வீடு வீடா இருக்கு. அதுக்குள்ள இந்தக் கள்ளன் வந்து டேங்குல வாய வைக்கான்."

"கள்ளன்னு சொல்லாதீங்க, மதினி."

"பெறவு எப்படிச் சொல்ல? வண்டிச் சாவிய வச்சிட்டு நடைய கட்டு."

பாட்டிலைத் தட்டிவிட்டாள். இசக்கிமணி சாவியை வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

அன்றைக்கே டேங்க் மூடிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டாள். அதன் சாவியைக் கணவரிடம் கொடுத்தாள். வேறு யாரை நம்புவது?

வீரகேரளம்புதூரிலிருந்து புது டிரைவர் வந்தான். நாலாவது நாள், வயலில் தொழி அடித்துச் சேறாக்கிக்கொண்டிருக்கும்போது வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. நாற்றுப் பிடுங்கிப் போட்டிருந்தது. நடவுக்கு வந்த பன்னிரண்டு பெண்களும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள்.

தென்காசியிலிருந்து மெக்கானிக் கிதிர் முகம்மது வந்து ஃபில்டரைக் கழற்றினார்.

"யக்கா, டீசல் ஊத்துனீங்களா, குத்தாலத்துத் தண்ணிய ஊத்துனீங்களா?"

நிர்மலாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை.

"வண்டிய எடுக்கதுக்கு முன்னால தினம் வடிக்கணும்லா? ராத்திரி பூரா நின்னா தண்ணி அடியில இறங்கிரும். இந்தத் திருகை அரைச் சுத்து விட்டா முதல்ல தண்ணிதான் வரும். டீசல் மட்டும் வர ஆரம்பிச்சதும் இறுக்கிரணும். இதுக்கு மெக்கானிக் எதுக்கு? நீங்களே செய்யலாம். இவ்வளவு நாளும் யாரோ செஞ்சிருக்கான். இல்லாட்டா பம்பு எப்பவோ போயிருக்கும்."

"சாரல்ல இறங்கியிருக்குமோ, அண்ணாச்சி?"

"சாரல்ல நாலு சொட்டு இறங்கும். இது லிட்டர் கணக்குல இருக்கு. யாரோ டீசலை எடுத்து வித்துட்டு, அளவு குறையாம இருக்கத் தண்ணிய ஊத்துதாவ. பூட்டுச் சாவி யாருட்ட இருக்கு?"

வரப்பில் நின்ற முத்துராமலிங்கம் பீடி பற்றவைக்கத் திரும்பிக்கொண்டார். மூன்று குச்சி அணைந்தது. நிர்மலாதேவி பக்கத்தில் போனாள். அவர் மென்றுகொண்டிருந்த பாக்கின் மணத்தையும் மீறி அந்தப் பழைய குடி வாடை அடித்தது.

மறுநாள் ஆய்க்குடிக்குப் பஸ் ஏறினாள்.

இசக்கிமணியின் பெண்சாதி பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கட்டிக்கொண்டிருந்தான்.

"வேற வண்டிக்குப் போகலியாடே?"

"கள்ளன்னு பேரு வாங்குனவனை எவன் வண்டியில ஏத்துவான், மதினி?"

அவன் பெண்சாதி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நிர்மலாதேவி நின்றுகொண்டே இருந்தாள்.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன்டே எங்கிட்ட சொல்லல?"

"அண்ணாச்சி குடிய விட்டுட்டாவன்னு பாக்க ஆளுட்ட எல்லாம் சொல்லுவீங்க. ஒவ்வொரு மாசமும் விரல் விட்டு எண்ணுவீங்க. அதை நான் எப்படிக் கெடுக்க?"

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு வேலைக்கு வந்திருடே" என்றாள்.

"வாரேன். கூலியக் கூட்டிக் கேக்கல. நாலு பேரு முன்னால கள்ளன்னு சொன்னீங்க. அந்த நாலு பேரு முன்னால, இவன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. போதும்."

"சத்தியமா சொல்லுதேன்."

மறுநாள் காலையில் வந்துவிட்டான். எப்போதும்போல் டிராக்டருக்கு அடியில் குனிந்தான். பால்காரர் வந்தார். மஞ்சு சொம்போடு வந்தவள், அவனைப் பார்த்ததும் நின்றாள்.

"என்னக்கா, இவனை மறுபடியும் கூட்டியாந்துட்டீங்க? அப்பம் டீசலை எடுத்தது இவன் இல்லியா? பெறவு யாரு?"

இசக்கிமணியின் கை திருகிலேயே நின்றது. குழாயடியில் வாய் கொப்பளிக்கும் சத்தமும் நின்றது.

நிர்மலாதேவி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"என்ன செய்யச் சொல்லுத மஞ்சு? காலைப் பிடிச்சு அழுதான். இனிமே எடுக்க மாட்டேன்னான். போனாப் போகுதுன்னு மன்னிச்சு விட்டுட்டேன்" என்றாள்.