றஜிதாவின் கால் அளவு

மதியச் சாப்பாடு முடிந்ததும், இத்தாலியில், கால்சாப் பகுதி வீடொன்றின் எஜமானியான சிஞ்ஞோரா, தன் முன்னோர் அமெரிக்கப் பண்ணையிலிருந்து எழுதிய கடிதங்களில் ஒன்றைச் சத்தமாக வாசிப்பார். வேலைக்கு வரும் றஜிதா துணி மடித்தபடி கேட்பாள். பசு கன்று போட்டது, சோளம் அறுத்தாயிற்று என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரித்திருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை வாசித்தது 1889இல் எழுதியது. “றஜிதாவையும் கேட்டதாகச் சொல்லவும்” என்று முடிந்தது. சிஞ்ஞோரா எப்போதும்போல் மடித்து வைத்தார்.

மன்னாரில் அம்மா காலமானபின் றஜிதாவை யாரும் அப்படிக் கேட்டதில்லை. “நான் சுகமா இருக்கிறன்,” என்றாள் கடிதத்தைப் பார்த்து, தமிழில்.

மறுநாள் கடிதத்தில், “றஜிதா சுகமென்று அறிந்து சந்தோஷம். இங்கே பனி தொடங்கிவிட்டது. அவளுக்கும் காலுறை பின்னுகிறோம், அளவு அனுப்பட்டும்” என்றிருந்தது.

அம்மா இருந்தபோது அவரின் செருப்புக்கு மன்னாரிலிருந்து அளவு வந்ததுபோலவே, றஜிதா தாளில் பாதத்தை வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள். வாசிக்காத கடிதங்களுக்கு அடியில் அதைச் செருகினாள்.

வியாழக்கிழமைக் கடிதத்தைப் பிரித்ததும் அந்தத் தாள் உள்ளிருந்து விழுந்தது. “யாருடைய காலோ,” என்றார் சிஞ்ஞோரா. தாள் பழுப்பேறி, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. குதிகால் கோட்டில் சிவப்புக் கம்பளி இழை ஒன்று ஒட்டியிருந்தது.