ஒரு நாளைக்குத் தாங்கும்

"என்னங்க, வாள்வீச்சுப் போட்டிக்குப் போறீங்களா, இல்ல யாருக்காவது ஆபரேஷன் பண்ணப் போறீங்களா?"

மனைவி கேட்டதற்கு அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பிவைத்துக்கொண்டு டூல்பாக்ஸை நிரப்பிக்கொண்டிருந்தார். வாள் நுனிக்குள் போடுகிற குட்டி ஸ்பிரிங், கடுகளவு ஸ்க்ரூ, அதைக் கீழே விழாமல் பிடிக்கக் காந்தம் வைத்த ஸ்க்ரூடிரைவர், குறடு, டேப்பு, ஒயர்.

"சும்மா இரு. நாளைக்குப் பெரியவளுக்குத் தேர்வுப் போட்டி. வாள் நுனி அமுங்கினாத்தான் விளக்கு எரியும், விளக்கு எரிஞ்சாத்தான் பாயின்ட். நடுவுல அது மக்கர் பண்ணிச்சுன்னா?"

"உங்களுக்கு 'செக்கிங்'னு பேர் வெச்சவங்க வாயில சர்க்கரையைத்தான் போடணும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மகள்கள் இருவரும் பழகுகிற கிளப்பில் அவருக்கு அதுதான் பட்டப்பெயர். வேலை, லிஃப்ட் மெக்கானிக். கம்பியில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் லிஃப்டைப் பூட்டிவிட்டுச் சாவியோடு வந்துவிடுவார். மாடி வீட்டுக்காரர்கள் தலைகீழாக நின்று கத்தினாலும் மசிய மாட்டார்.

கடைசியாகத் துருவைத் தேய்க்கலாம் என்று பெரியவளின் வாளையும் உப்புத்தாளையும் எடுத்தார். தேய்க்கத் தேய்க்க, வாளின் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. கீறலாக இருக்கும் என்று நகத்தால் சுரண்டினார். நகம் மாட்டியது.

வாளை விளக்குக்கு நேரே பிடித்து மறுபடி பார்த்தார்.

இரும்பில் விரிசல் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஓங்கிக் குத்தும்போது ஒடியும். ஒடிந்த முனை கோணி ஊசி மாதிரி எதிரே நிற்கிறவள் உடம்பில் இறங்கிவிடும். தடித்த சட்டை போட்டிருந்தாலும் சரி, முகமூடி போட்டிருந்தாலும் சரி.

வேறு வாளும் கிடையாது; சின்னவளிடம் இருப்பதும் ஒன்றே ஒன்றுதான், அதே நேரத்தில் அவளுக்கும் அவள் பிரிவில் ஆட்டம். ஆர்டர் போட்ட புதுசு இன்னும் வந்து சேரவில்லை. நாளைக்கு ஆடாவிட்டால் அணியில் இடமில்லை. அந்த இடத்துக்காகப் பெரியவள் ராப்பகலாக உழைத்திருக்கிறாள்.

"என்னங்க, பேச்சு மூச்சையே காணோம்?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் துரு."

மறுபடி தேய்த்தார். எண்ணெய் தடவித் துடைத்தார். கோடு மறைந்தேபோனது. 'ஒரு நாளைக்குத் தாங்கும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் விளையாட்டரங்கத்தில் வாள்களைச் சோதிக்கிற மேஜை முன்னால் நின்று வாளை நீட்டினார். சோதிக்கிறவர் நுனியில் எடைக்கல்லை வைத்துப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"கண்ணாடி மாதிரி வெச்சிருக்கீங்க சார்! எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எனக்கு வேலையே இல்ல."

சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

டூல்பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். எதிரே வரப்போவது யார் வீட்டுப் பிள்ளையோ? சே, என்ன நினைப்பு இது! அதெல்லாம் ஒன்றும் ஆகாது. எத்தனையோ பேர் எப்படியெப்படியோ வாளை வைத்து ஆடவில்லையா? வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

கோச் ஓடிவந்தார். "சார், நல்ல சேதி! சின்னவங்க பிரிவுக்கு ஆள் பத்தலன்னு ரெண்டு பிரிவையும் ஒண்ணாக்கிட்டாங்க. உங்க சின்னவளும் அக்கா குழுவுலயே ஆடறா."

"அப்படியா? நல்லது..."

"ஒரே கிளப் பிள்ளைங்கள முதல் ஆட்டத்துலயே மோத விட்டுடுவாங்க. கடைசியில வெச்சா ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக்கொடுத்துடுவாங்கன்னு பயம். அதோ, ரெண்டு பேரும் ரெடி பாருங்க!"

அவர் பார்த்தார். சின்னவள் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே பெரியவள், அந்த வாளோடு.

மடியில் இருந்த டூல்பாக்ஸ் தடாலென்று விழுந்து, ஸ்பிரிங்கும் ஸ்க்ரூவும் தரையெங்கும் சிதறின. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க!"

நடுவர் என்ன ஏதென்று கேட்பதற்குள் பெரியவள் கையிலிருந்த வாளைப் பிடுங்கினார். முழங்காலில் வைத்து ஓர் அழுத்து. டக்கென்று இரண்டாகப் போனது.

"அப்பா! என்ன காரியம் பண்றீங்க?" பெரியவள் அலறினாள்.

நடுவர் ஒடிந்த துண்டை எடுத்துப் பார்த்தார். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "பழைய விரிசல்! அம்மாடி, குத்தியிருந்தா அவ்வளவுதான். அங்கேயிருந்தே எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"அவரா கொக்கா? செக்கிங்காச்சே!" என்றார் கோச். யாரோ கைதட்ட, அரங்கமே தட்டியது. அவர் சின்னவளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு வேற வாள் இல்லையேப்பா..." பெரியவள் அழ ஆரம்பித்தாள்.

"அழாதம்மா. போட்டி போனாப் போகுது. உயிரைவிட அதுவா பெருசு?"

அதற்குள் வேறு கிளப் சீருடையில் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒல்லியாக, சின்னவள் உயரம்தான் இருப்பாள். கையில் இருந்த வாளை அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க அங்கிள். எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு. அக்கா இதை வெச்சே கடைசி வரைக்கும் ஆடட்டும்."

"நீ... நீ யாரும்மா?"

"அடுத்த ஆட்டத்துல அக்காவுக்கு எதிரே நிக்க வேண்டியது நான்தான். நல்லவேளை, நீங்க பார்த்தீங்க. ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்!"