பக்கத்து நாடு

ஆசிரியை கரும்பலகையில் இரண்டு வட்டங்கள் போட்டாள்.

அ நாடு. ஆ நாடு.

அ நாடு தன்னைக் காத்துக்கொள்ளத்தான் ஆயுதம் வாங்குகிறது. ஆ நாட்டுக்கு அது எப்படித் தெரியும்? அதுவும் வாங்குகிறது. இரண்டுக்கும் சண்டை வேண்டாம். ஆனாலும் வந்துவிடுகிறது.

பிளஸ் டூ, அரசியல் அறிவியல். இருபத்தேழு பேர்.

யாரும் எழுதவில்லை.

சன்னல் ஓரம் கடைசி பெஞ்சில் சுடலைமணி. சுவர் ஓரம் கடைசி பெஞ்சில் பேச்சிமுத்து. கோயில் கொடைத் திருவிழாவில் இரண்டு தெருக்காரர்களும் அடித்துக்கொண்ட பிறகு இன்றுதான் இருவரும் பள்ளிக்கு வந்திருக்கிறார்கள்.

தெருவுக்கு ஒரு நிறமாகக் கட்டிவந்த கயிறுகளைத் தலைமையாசிரியர் வாசலிலேயே அறுத்து வாங்கிவிட்டார். மணிக்கட்டில் வெளுத்த கோடு மட்டும் இருக்கிறது.

பைகளை அவர் திறந்து பார்க்கவில்லை.

புத்தகம், நோட்டு எல்லாம் பெஞ்சின் மேல். பை மட்டும் மடியில். இருவருக்கும்.

தலைமையாசிரியரிடம் சொன்னால் போலீஸ் வரும். இரண்டு பேருக்கும் பொதுத்தேர்வு அதோடு போயிற்று.

சொல்லாவிட்டால், ஒன்பது நிமிடத்தில் இடைவேளை. மைதானம்.

"அப்ப ரெண்டு நாடும் என்ன செய்யணும்?"

"ஐ.நா.வுக்கு போன் போடணும் டீச்சர்," என்றாள் முன் பெஞ்சு ரெபேக்கா. "ரிங் போகும், எடுக்க மாட்டாங்க."

யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டார்கள்.

"கீழ வைக்கணும்," என்றாள் ஆசிரியை. "இந்த மேசையில வைக்கலாம். யாரு கொண்டாந்தான்னு கேக்க மாட்டேன். வெளிய சொல்லவும் மாட்டேன்."



சுடலைமணி எழுந்தான். பையை விடவில்லை. பேச்சிமுத்துவைப் பார்த்தபடியே கேட்டான்.

"யாரு டீச்சர் மொதல்ல வைக்கது?"

அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் நான்கு பக்கம் பதில் இருந்தது. நான்கும் அவளுக்கு மனப்பாடம்.

கைப்பையைத் திறந்தாள். மிளகாய்ப் பொடிப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். காலையில் கிளம்பும்போது, இந்த வகுப்பை நினைத்துத்தான் மடித்து வைத்திருந்தாள்.

மேசையின் நடுவில் வைத்தாள்.

வகுப்பு பொட்டலத்தைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது. அவள் முகம் சூடேறியது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சுவர் ஓரம் ஒரு ஜிப் திறந்தது.

சன்னல் ஓரம் இன்னொன்று.

அவள் நகரவில்லை.