நாலு பக்கமும் திறந்த கூடாரம்

அமெரிக்காவில், பிளானோ நகர வீட்டு ஹாலில் இருந்தது மூன்றே பேர்: மேசையடியில் நாலு வயது வெண்பா, எதிரே அவள் அப்பா தீபக், ஈரத்தலையோடு அம்மா எழிலரசி.

மேசைமேல் போர்த்தியிருந்த பெட்ஷீட்டைப் பார்த்ததும் தீபக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என்ன கூத்து இது?”

“ஏப்ரஹாம் டென்ட், அப்பா! நாலு சைடும் ஓப்பன். கெஸ்ட் யார் வந்தாலும் உள்ள விடணும், ஃபுட் குடுக்கணும். மிஸ் மிரியம் சொன்னாங்க.”

“யூத டேகேர்ல சேர்த்து இதைத்தான் கத்துக் குடுக்கிறியா? ரோட்ல போறவனையெல்லாம் உள்ள விடுவாளா? நீயெல்லாம் ஒரு அம்மாவா?”

வெண்பா ஒரு ரொட்டித் துண்டை அவன் கையில் வைத்தாள். “ஈட், அப்பா. யூ ஆர் மை ஃபர்ஸ்ட் கெஸ்ட்.”

“நான் குளிச்சிட்டிருந்தேன். அவதான் உனக்குக் கதவத் திறந்திருக்கா,” என்றாள் எழிலரசி. “என்னை அடிச்சதுக்கு இந்த வாசலையே மிதிக்கக் கூடாதுன்னு கோர்ட் சொன்னது மறந்துடுச்சா?”

“என் பொண்ணைப் பார்க்க...”

“கூடாரத்துக்குத்தான் கதவு கிடையாது. என் வீட்டுக்கு இருக்கு. வெளிய போ.”

கையில் ரொட்டியோடு அவன் வாசலைத் தாண்டினான். முதுகுக்குப் பின்னால் கதவு அறைந்து சாத்தப்பட்டது. பூட்டு விழுந்தது.